ஆலை லைனை மூடுகிறது: ஈஎஸ்ஐ எதுவரை செல்லும், அடுத்த வேலைக்கு எங்கே போவது?

கேள்வி: ஒரகடத்தில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் 11 ஆண்டுகளாக சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டு மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன். சம்பளம் 19,400 ரூபாய். ஆகஸ்ட் 31-உடன் எங்கள் உற்பத்தி லைனை மூடுகிறார்கள். 'ராஜினாமா எழுதிக் கொடுத்தால் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம்' என்கிறார்கள். மனைவிக்கு நவம்பரில் பித்தப்பைக் கல் ஆபரேஷன். அம்மாவுக்குச் சர்க்கரை. இருவருக்கும் ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்தான் வைத்தியம். இனி என்ன செய்வது? 41 வயதில் வேலை கிடைக்குமா?

பதில்: முதலில் அந்த ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். நீண்டகால வைத்தியம், உதவித்தொகை, இழப்பீடு மூன்றுமே அந்த ஒரு தாளைப் பொறுத்தவை.

ஆட்குறைப்பு என்றால் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். அதற்கு மேல், பணி செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. உங்கள் 11 ஆண்டுக்கு ஐந்தரை மாதச் சம்பளம், சுமார் 1,06,700 ரூபாய். இதற்கும் பணிக்கொடைக்கும் (கிராஜுவிட்டி) சம்பந்தமில்லை. ஐந்து ஆண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,300 என்று வைத்தால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, மறுபடி 11-ஆல் பெருக்குங்கள்: 90,750 ரூபாய். 'மொத்தமாகத் தருகிறோம்' என்கிற தொகையை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். பல இடங்களில் அது பணிக்கொடையும் மேலே கொஞ்சமுமாகத்தான் இருக்கும். எப்படியும் வரவேண்டிய பணத்தையே சலுகை போலக் காட்டுவார்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கு மறுதிறன் நிதியிலிருந்து (புதுத் திறன் கற்க உதவும் நிதி) 15 நாள் சம்பளம் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. அதையும் எழுத்தில் கேளுங்கள்.

கடிதத்தில் 'ஆட்குறைப்பு' அல்லது 'மூடல்' என்ற காரணமும், கடைசி வேலை நாளும், மொத்தப் பணிக்காலமும் இருக்க வேண்டும். கடிதத்தோடு வேலை முடியவில்லை. ஈஎஸ்ஐ தளத்தில் உங்கள் பெயருக்கு நேரே நிர்வாகம் ஒரு காரண எண்ணைப் பதிவு செய்யும். 2 என்றால் 'லெஃப்ட் சர்வீஸ்' (வேலையை விட்டார்), 10 என்றால் 'ரிட்ரெஞ்ச்மென்ட்' (ஆட்குறைப்பு). கணக்குப் பிரிவில் பழக்கதோஷத்தில் எல்லோருக்கும் 2 போட்டுவிடுவது உண்டு. கடிதம் ஒன்று, தளம் ஒன்று என்று இருந்தால் கிளை அலுவலகத்தில் உங்கள் மனு அப்படியே நிற்கும். கடைசி நாளுக்கு முன்பே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி வைத்தியம். வேலை போன மறுநாளே ஈஎஸ்ஐ நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்குப் பலன், அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்குப் பலன், ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை. ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா விழுந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உங்களுக்குப் போன அக்டோபர்–மார்ச் சந்தா இந்த டிசம்பர் வரை காப்பாற்றும். நவம்பர் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் கட்டியிருப்பதால் 78 நாள் தாராளமாகத் தாண்டும். ஆக, அடுத்த ஜூன் 30 வரை மனைவிக்கும் உங்களைச் சார்ந்திருக்கும் அம்மாவுக்கும் மருந்தகமும் ஆஸ்பத்திரியும் உண்டு. இதே லைன் ஏப்ரல் 30-இல் மூடியிருந்தால் புதிய காலத்தில் ஒரு மாதச் சந்தாதான் இருந்திருக்கும், டிசம்பரோடு முடிந்திருக்கும்.

கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. ஆகஸ்ட் சந்தாவை நிர்வாகம் செப்டம்பர் 15-க்குள் கட்ட வேண்டும். மூடுகிற அவசரத்தில் இது விட்டுப்போகும். 15-ஆம் தேதிக்குப் பிறகு உங்கள் காப்பீட்டு எண்ணை வைத்து ஈஎஸ்ஐ தளத்தில் பாருங்கள். விழவில்லை என்றால் சம்பள ரசீதோடு கிளை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

ஜூனுக்குப் பிறகும் வழி இருக்கிறது. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற ஈஎஸ்ஐ திட்டத்தில், ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தவர், அதற்கு முன் இரண்டு ஆண்டு சந்தா கட்டியிருந்தால், 24 மாதம் வரை உதவித்தொகை பெறலாம். முதல் 12 மாதம் சராசரி தினக்கூலியில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. தினக்கூலி 600 என்றால் நாளுக்கு 300, பிறகு 150. அந்தக் காலம் முழுக்கக் குடும்பத்துக்கு வைத்தியமும் தொடரும். தானாக விலகியவருக்கு இந்தத் திட்டம் கிடையாது. ராஜினாமா வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதன் காரணம் இதுதான்.

அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று இன்னொரு ஈஎஸ்ஐ உதவித்தொகைத் திட்டம்: வாழ்நாளில் 90 நாள் வரை மட்டும். வேலை போய் 30 நாள் கழித்து, முதலாளி வழியாக இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம். இதில் பாதிச் சம்பளம் தருவது ஒரு தற்காலிகத் தளர்வு, அவ்வப்போது நீட்டிக்கப்படுவது. மனு போடும் நாளில் நடப்பில் உள்ளதா என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள். ஆட்குறைப்புக் கடிதம் கையில் இருந்தால் முதல் திட்டத்துக்குப் போவதுதான் லாபம். எதற்குப் போனாலும் ஆதாரும் வங்கிக் கணக்கும் காப்பீட்டு எண்ணோடு இணைந்திருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பணம் திரும்பிவிடும்.

ஈஎஸ்ஐ முடிவதற்கு முன்பே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கும் ஏற்பாடு செய்யுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வேலையில் இருந்தவரை உங்களுக்கு அது பொருந்தவில்லை, இப்போது பொருந்தலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் இது பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, அட்மிட் ஆனால்தான். அம்மாவின் மாதாந்திர சர்க்கரை மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் பெயர் சேருங்கள்.

இழப்பீட்டில் ஒரு பகுதியைத் தனியார் பாலிசிக்கு ஒதுக்க முடிந்தால், ஈஎஸ்ஐ ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு மூன்று ஆண்டு வரை போகலாம். அந்தக் கடிகாரம் இப்போதே ஓடத் தொடங்கும். அம்மாவின் சர்க்கரையை மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. 21,000-க்கு மேல் சம்பளம் வாங்கியதால் ஈஎஸ்ஐ இல்லாமல் கம்பெனியின் குரூப் பாலிசியில் இருந்த சக ஊழியர்கள், வேலை முடிவதற்குள் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்க வேண்டும். காத்திருந்த காலம் கணக்கில் வரும்.

பிஎஃப் பணத்தை இப்போது தொடாமல் இருப்பது நல்லது. நிர்வாகம் விலகல் தேதியைப் பதியாவிட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே தளத்தில் பதியலாம்.

வேலைக்கு வருவோம். 41 வயது தடைதான். ஆனால் அதைவிடப் பெரிய தடை, பயோடேட்டாவில் 'சிஎன்சி ஆபரேட்டர், 11 ஆண்டு' என்று ஒரே வரி எழுதுவது. பார்ட் மாட்டி ஸ்டார்ட் அழுத்துபவரும் அப்படித்தான் எழுதுவார். டர்னிங்கா, விஎம்சி-யா, கன்ட்ரோல் ஃபானுக்கா, சீமென்ஸா, என்ன பார்ட், என்ன மெட்டீரியல், எத்தனை மைக்ரான் டாலரன்ஸ், ஷிப்டுக்கு எத்தனை பீஸ், ஏர் கேஜ், போர் கேஜ் போன்ற அளவுக் கருவிகள் பிடிக்கத் தெரியுமா. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். டூல் ஆஃப்செட் எடுப்பது, வொர்க் ஜீரோ பிடிப்பது, புரோகிராமில் ஃபீட் மாற்றுவது தெரிந்தால் 'செட்டர்' (மெஷினை வேலைக்குத் தயார் செய்பவர்) வேலைக்கே விண்ணப்பியுங்கள். தெரியாவிட்டால் லைன் ஓடும் இந்தச் சில வாரத்தில் உங்கள் செட்டரிடம் கேட்டுப் பழகுங்கள். வெளியே அந்த மெஷின் கிடைக்காது. ஐடிஐ சான்று இல்லையென்றால், அனுபவத்தை வைத்துத் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழில் தேர்வு எழுத வழி உண்டு. அறிவிப்பை அரசு ஐடிஐ-யில் விசாரியுங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும், அரசின் தனியார்துறை வேலை இணையதளத்துக்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் ஏஜென்டிடம் நிற்காதீர்கள். உங்கள் ஆலைக்கு டூல், இன்சர்ட் சப்ளை செய்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். எந்த ஷாப்பில் புது மெஷின் இறங்குகிறது என்பது முதலில் அவர்கள் காதுக்குத்தான் வரும்.

ஒப்பந்ததாரர் மூலம் சேர நேர்ந்தால், முதல் நாளே பழைய 10 இலக்க ஈஎஸ்ஐ எண்ணையும் பிஎஃப்-க்கான யுஏஎன் எண்ணையும் எழுத்தில் கொடுங்கள். புது எண் போட்டுவிட்டால் பழைய சந்தா இதோடு சேராது. இரண்டாம் மாதச் சம்பள ரசீதில் ஈஎஸ்ஐ-க்கு 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தது தளத்தில் உங்கள் பழைய எண்ணில் விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். புதுச் சம்பளம் 21,000-க்கு மேல் என்றால் ஈஎஸ்ஐ கிடையாது. சேரும்போதே குரூப் பாலிசி உண்டா, அதில் பெற்றோர் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.