லூப் போட்டுத் தனியாக வாசிக்க எந்த லேப்டாப்?

கேள்வி: கஞ்சிராவை ஒரு ஆவர்த்தனம் வாசித்துப் பதிவு செய்து, அதை ஓடவிட்டு அதன்மேல் புல்லாங்குழலை அடுக்கி, மேடையில் தனியாக வாசிக்க ஆசை. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் ‘மியூசிக்னா மேக்தான்’ என்கிறார். நண்பரோ ‘லினக்ஸ் போதும், காசு மிச்சம்’ என்கிறார். எதை வாங்குவது?

பதில்: முதலில் எந்த மென்பொருளில் வாசிக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் அதன் பின்னாலேயே வரும். மெயின்ஸ்டேஜ் மேக்கில் மட்டும்தான் ஓடும். ஏபிள்டன் லைவ் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், லினக்ஸுக்குக் கிடையாது. சூப்பர்லூப்பர் இலவசம், லினக்ஸிலும் மேக்கிலும் நெடுநாளாகப் புழங்குகிறது. ரீப்பர் மூன்றிலும் ஓடும். அதோடு சூப்பர்8 என்ற எட்டுத் தட லூப்பரும் சேர்ந்தே வருகிறது; 60 நாள் காசு கொடுக்காமல் பார்க்கலாம். அதனால் பணத்தை இப்போது தொடாதீர்கள். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் ரீப்பரைப் போட்டு ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள்.

மேக்கா விண்டோஸா என்பதைவிட உங்களைப் படுத்தப்போவது லேட்டன்ஸி, அதாவது வாசித்த ஒலி உள்ளே போய் வெளியே வர ஆகும் தாமதம். ஒலியை நொடிக்கு 48,000 சாம்பிளாக (துணுக்காக) எடுக்கும் வேகத்தில், பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் சாம்பிள் எண்ணிக்கையை, 1,024 என்று வைத்தால் உள்ளே 21, வெளியே 21, ஆக 42 மில்லிசெகண்டுக்கு மேல் போய்விடும். நிமிடத்துக்கு 120 அட்சரம் என்ற வேகத்தில் அட்சரத்துக்கு ஒரு ‘தகதிமி’ வாசித்தால் ஒரு சொல்லுக்கு 125 மில்லிசெகண்ட்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு தாமதமாகக் காதில் விழுந்தால் தாளம் நிற்காது. 256-க்கு இறக்கினால் போக வர 11 ஆகிவிடும், அதோடு சமாளிக்கலாம். ஆனால் 256-இல் ‘டப் டப்’ என்று வெடிக்காமல் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் மேக் முந்துகிறது. ஒலியைக் கையாளும் அதன் கோர் ஆடியோ சிஸ்டத்தோடே வருவதால் பெரும்பாலும் செருகினால் வேலை செய்யும். விண்டோஸில் தாமதத்தைக் குறைத்து ஒலியைக் கடத்தும் ஆசியோ டிரைவர் வேண்டும். தயாரிப்பாளரே தரும் ஆசியோ டிரைவர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸாக (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) பார்த்து வாங்குங்கள். ஆசியோ4ஆல் என்ற பொது டிரைவர் அவசரத்துக்கு உதவும், மேடைக்கு நம்ப வேண்டாம். விண்டோஸ் லேப்டாப் என்றால், முடிந்தால் கடையிலேயே லேட்டன்ஸிமான் என்ற இலவசக் கருவியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். எந்த டிரைவர் ஒலியைத் தடுக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். பல சமயம் வைஃபைதான்.

ஆக, 60,000-ஐயும் லேப்டாப்பிலேயே கொட்டிவிடாதீர்கள். குழல் வாசிக்கும்போது இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும். மவுஸைத் தொட முடியாது. காலால் மிதித்து மென்பொருளுக்குக் கட்டளை அனுப்பும் மிடி பெடல் கட்டாயம் வேண்டும், இன்டர்ஃபேஸும் மைக்கும் வேண்டும். இவற்றுக்கு ஒதுக்கியது போக மிச்சத்தில், நல்ல நிலையில் பழைய எம்1 மேக்புக் ஏர் கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் ஃபேன் கிடையாது, மைக் பக்கத்தில் இரைச்சல் வராது. விற்பவர் உங்கள் கண் முன்னாலேயே ஐகிளவுடிலிருந்து வெளியேற வேண்டும். பேட்டரி எத்தனை முறை சார்ஜாகித் தீர்ந்தது என்ற சைக்கிள் கணக்கையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். ரேமைப் பிறகு கூட்ட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். கிடைக்காவிட்டால் 16 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப் போதும்.

எது வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை. இன்டர்ஃபேஸின் அவுட்டை ஒரு கேபிளால் இன்னிலேயே செருகி, மெட்ரோனோம் ஒலியை ரீப்பரில் பதிவு செய்யுங்கள். பதிவான அலை மூல அலையைவிடத் தள்ளி விழுந்தால், எத்தனை சாம்பிள் என்று எண்ணி, ரெக்கார்டிங் அமைப்பில் அந்த அளவை ஈடு செய்யுங்கள். செய்யாவிட்டால் நீங்கள் அடுக்கும் ஒவ்வொரு அடுக்கும் கஞ்சிராவுக்குப் பின்னால் விழும். குறை உங்கள் தாளத்தில்தான் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது. லூப்பிங்குக்காக லினக்ஸ் போடலாமா?

பதில்: தாராளமாக. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஒலி, காட்சி வேலைகளுக்கான லினக்ஸ் வகையான உபுண்டு ஸ்டுடியோவைப் பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். இன்டர்ஃபேஸ் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ ரகமா என்று வாங்குமுன் கேளுங்கள். அப்படியானால் தனி டிரைவர் வேண்டியதில்லை. ஏபிள்டனை விட மனமில்லை என்றால் மட்டும் லினக்ஸ் பக்கம் வராதீர்கள்.