துப்பாக்கிக்கு ஏன் வெந்நீர்?

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தவர். சுட்டு முடித்ததும் துப்பாக்கிக் குழாயில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவோம் என்பார். இரும்பு துருப்பிடிக்காதா? தாத்தா கதை விட்டாரா? (வாசகர், தேனி)

பதில்: கதையே இல்லை. அவர் கையில் இருந்தது அநேகமாக லீ என்ஃபீல்டு, என்.சி.சி.யில் நாங்கள் த்ரீ நாட் த்ரீ என்போமே, அதுதான். அந்தக் காலத் தோட்டாவின் பிரைமரில், அதாவது அடிப்பக்கம் தட்டினால் பற்றிக்கொள்ளும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழாய்க்குள் படிந்துவிடும், நம் சமையல் உப்புக்குப் பங்காளி. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப்போகிறதல்லவா, அதேபோல இதுவும் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பர்மா மழையில் கேட்கவே வேண்டாம். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு கரையாது. மேலே மினுமினுப்பு, அடியில் துரு. தண்ணீரில்தான் கரையும். கொதிக்கிற தண்ணீர் என்றால் குழாயே சூடேறி, மிச்ச ஈரம் தானாகக் காய்ந்துவிடும். குழாயின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புத் தண்டான போல்ட்டைக் கழற்றி, பின்பக்கம் புனல் வைத்து ஊற்றுவார்கள்.

அப்புறம் புல்த்ரூ, அதாவது குழாயின் உட்புறத்தைத் துடைக்கும் சாதனம். ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு, கண்ணியில் 4 அங்குல நீளம் 2 அங்குல அகலத்தில் ஒரு ஃபிளானல் துண்டு. குண்டைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, வாய்ப்பக்கம் பிடித்து ஒரே மூச்சில் நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கயிறு உரசி உரசிக் குழாயின் வாய் தேய்ந்து, குறி தவறும். கயிறுதானே என்று அலட்சியமாக இழுத்தவர்கள் கெடுத்த துப்பாக்கிகள் ஏராளம். காய்ந்த துணிக்குப் பிறகு எண்ணெய்த் துணி. புல்த்ரூ, எண்ணெய்க் குப்பி இரண்டுமே துப்பாக்கிக் கட்டைக்குள் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும், தனியாகப் பை தூக்க வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் எண்ணெயைத் தாராளமாக விடலாமே? (அதே வாசகர்)

பதில்: இடத்தைப் பொறுத்தது. 1940 முதல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சண்டை போட்ட இந்தியப் படையினருக்கு எண்ணெயே எதிரி. மணல் அதில் ஒட்டி, போல்ட் நகரும்போதெல்லாம் அம்மியில் அரைத்த மாதிரி இரும்பைத் தின்னும். அங்கே துடைத்து, பூசியும் பூசாத மாதிரி விட்டு, போல்ட் பகுதியைத் துணியால் மூடிவைப்பதுதான் சரி. எந்த ஊரானாலும் சுடுவதற்கு முன் குழாய்க்குள் இருக்கும் எண்ணெயைத் துடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முதல் குண்டு தடம் மாறும். எங்கள் என்.சி.சி. உஸ்தாத், அதாவது பயிற்சியாளர், துடைக்கும் துணியைச் சிந்தி (இந்தியில் கந்தல்) என்பார், வெயிலில் விரித்துப் பார்ப்பார், கறுப்பு ஒரு கோடு இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து.