சத்தம் ஏறுது, வேகம் ஏறலை!

கேள்வி: நண்பர் தன் ஸ்கூட்டரில் என்ஜின் ஆயிலோடு ஒரு அடிட்டிவ் (ஆயிலில் கலக்கும் சேர்ப்புத் திரவம்) பாட்டிலையும் ஊற்றி, வண்டி பூப்போல ஓடுகிறது என்றார். நானும் என் 150 சிசி பைக்கில் ஊற்றினேன். என்ஜின் சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் 2 வாரமாக டாப் கியரில் முறுக்கினால் என்ஜின் மட்டும் அலறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டதா?

பதில்: போயிருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பாட்டிலைத்தான்.

உங்கள் பைக்கில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்சுக்குள் உராய்வு பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங் அவற்றை நெருக்கிப் பிடிக்கும். ஆயிலில் நனைந்தபடியே அவை ஒன்றையொன்று கவ்வ வேண்டும். மாலிப்டினம் போன்ற உராய்வு குறைப்பான்களுக்கு பிஸ்டன் எது, பிளேட் எது என்றெல்லாம் தெரியாது. எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிடும். டாப் கியரிலும் மேட்டிலும் சுமை கூடும்போது வழுக்கல் வெளியே தெரியும்.

நானும் மிச்சம் கிடந்த கார் ஆயிலை வீணாக்குவானேன் என்று என் பைக்கில் ஊற்றியவன்தான். மேடு ஏறும்போதெல்லாம் இதே அலறல். கிளட்ச் கேபிளைத் திருகித் திருகிப் பார்த்தேன். கடைசியில் ஆயிலை மாற்றிய பிறகுதான் மெல்ல மெல்லச் சரியானது. கார் ஆயில் டப்பாவில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' (எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் ஆயில்) என்று போட்டிருந்தால் பைக் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கிளட்ச் லீவரில் லூஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல பைக்குகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கும். லூஸே இல்லையென்றால் கிளட்ச் பாதி அமுங்கியபடியே ஓடும், அதுவும் வழுக்கும்.

அது சரியாக இருந்தால், என்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்து, ஃபில்டரையும் மாற்றி, கையேடு சொல்லும் கிரேடில் 'ஜாசோ எம்ஏ2' முத்திரை உள்ள ஆயில் ஊற்றுங்கள். பிளேட் நனைந்தபடி ஓடும் கிளட்சுக்கென்றே உராய்வைச் சோதித்துத் தரும் ஜப்பானியத் தர முத்திரை அது. பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கும் என்பதால் சீக்கிரமே இன்னொரு முறை மாற்ற வேண்டிவரலாம். அதுவரை முறுக்காதீர்கள், வழுக்க வழுக்க பிளேட் சூடேறிக் கருகும். அப்புறமும் வழுக்கினால் கிளட்ச்சைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். புது பிளேட்டை ஆயிலில் ஊறவைத்துப் போடச் சொல்லுங்கள்.

நண்பர் மேல் கோபம் வேண்டாம். பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டரில் கிளட்ச் தனியே உலர்ந்த அறையில் இருக்கும், என்ஜின் ஆயில் அதைத் தொடுவதே இல்லை. அவருக்குப் பூப்போலத்தான் ஓடியிருக்கும்.