ஆறு வயதுக் குழந்தைக்குக் கராத்தேவா, சிலம்பமா, ஜூடோவா?

இந்த வயதில் கலையைவிட ஆசிரியர்தான் முக்கியம். நல்ல ஆசிரியர் கிடைத்தால் என் முதல் தேர்வு ஜூடோ. எதிராளியைப் பிடித்துத் தரையில் வீழ்த்தும் கலை இது; அடி, உதை இல்லை. முதலில் கற்றுத் தருவதே விழும் முறை. பின்பக்கம் விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, கண்ணை இடுப்புப் பட்டையின் முடிச்சில் வைக்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. கைகளை உடம்பிலிருந்து சற்றே விலக்கி, உள்ளங்கையோடு முழங்கை வரை பாயில் ஒரே நேரத்தில் அறைய வேண்டும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ முறியலாம். இந்தப் பழக்கம் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் காப்பாற்றும்! பாய் இல்லாமல் சிமென்ட் தரையில் ஜூடோ நடத்தும் இடத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

ஊரில் சிலம்பம்தான் இருக்கிறதா? தாராளமாகச் சேருங்கள். கம்பு குழந்தையின் நெற்றி உயரம் இருந்தால் போதும், எடை குறைந்த பிரம்பாக இருக்கட்டும். பெரியவர்களின் மூங்கில் கம்பைக் கொடுத்தால் மணிக்கட்டு வலிக்கும், சுழற்சியும் கோணலாகும். ஆளுக்கு ஆள் இரண்டு கம்பு நீளமாவது இடைவெளி வேண்டும்.

கராத்தேயும் நல்லதே. ஆனால் மூன்று மாதத்துக்கொரு பெல்ட், அதற்கொரு கட்டணம் என்றால் யோசியுங்கள். சேர்க்கும் முன் ஒரு வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்றால் அந்த இடமே வேண்டாம்.