குகைக்குள் போகாமலே குகையை ஆராயலாம்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் குடியாத்தம் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் ஊர் மலையில் பெரிய பாறைகளுக்கு நடுவே ஒரு பொடவு, அதாவது சின்னக் குகை, இருக்கிறது. நாலைந்து பேர் குனிந்து நுழையலாம். கொஞ்ச தூரத்திலேயே இருட்டு, வௌவால் நாற்றம். அது வேலூர்க் கோட்டை வரைக்கும் போகிற சுரங்கம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதைத்தான் செயல்திட்டமாக எடுப்போம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். உள்ளே அழைத்துப் போகலாமா? சுண்ணாம்புக் குகைகளில் தொங்குகிற கல்விழுது ஏதாவது இருக்குமா? ஆய்வகத் தெர்மாமீட்டர் தவிர எங்களிடம் கருவி எதுவும் இல்லை. எதை அளப்பது? வௌவாலால் நோய் வருமா?

பதில்: வணக்கம் டீச்சர். முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போகாதீர்கள். ஆனால் செயல்திட்டத்தைக் கைவிடாதீர்கள். உங்கள் பொடவில் அளக்கத் தகுந்தது எல்லாம் அதன் வாயிலேயே கிடைக்கிறது. வாசலில் உட்கார்ந்து ஒரு இரவும் பகலும் பொறுமையாகக் கணக்கெடுத்தால் போதும், குகைகளைப் பற்றிய ஆராய்ச்சியின் அடிப்படை பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

அந்தப் பொடவு எப்படி வந்தது என்று தெரிந்தால் எதை அளப்பது என்பதும் தெரியும். நம் வட ஆற்காட்டு மலைகள் கருங்கல். சார்னோகைட், நைஸ் என்று புவியியலார் சொல்கிற, சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறைகள். இவை தண்ணீரில் கரையாது. ஆனால் அவற்றில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. பாறை மண்ணுக்கு அடியில் கிடந்த காலத்தில் அந்த வெடிப்புகள் வழியே தண்ணீர் இறங்கி, விளிம்பையும் மூலையையும் நொறுக்கி மண்ணாக்கியது. வெங்காயத்தைத் தோல் தோலாக உரிப்பதுபோல் பாறை உரிந்து, நடுவில் உருண்டைகள் மட்டும் மிஞ்சின. பிறகு மழை அந்த மண்ணைக் கழுவிக்கொண்டு போனதும் உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. அந்த இடுக்குதான் உங்கள் பொடவு.

இதிலேயே சுரங்கக் கதைக்கும் பதில் இருக்கிறது. பாறை இடுக்கு உள்ளே போகப் போகக் குறுகும், கடைசியில் மண்ணிலோ இன்னொரு பாறையிலோ முட்டும். கோட்டை வரைக்கும் போகாது. ஆனாலும் பெரியவர்களிடம் வாதாட வேண்டாம். அவர்கள் சின்ன வயதில் அந்தப் பொடவு எப்படி இருந்தது, எத்தனை வௌவால் வெளியே வந்தது, சிறுத்தை, கரடி, முள்ளம்பன்றி எதையாவது பார்த்தார்களா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அறுபது வருட மாற்றத்தைச் சொல்ல வேறு சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

கல்விழுது கிடைக்காது. அது சுண்ணாம்புப் பாறையின் சொத்து. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்ட மழைநீர் லேசாகப் புளித்து, சுண்ணாம்பைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக மறுபடி படிய வைக்கிறது. ஆந்திராவின் பேலம் குகை, போரா குகை எல்லாம் அந்த வகை. கர்நூல் பக்கத்துச் சுண்ணாம்புக் குகைகளில்தான் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் 1884இல் தோண்டிப் பழைய விலங்குகளின் எலும்புகளை எடுத்தார். பல்லாவரத்தில் 1863இல் கற்கருவி கண்டெடுத்தாரே, அவரேதான். மேகாலயாவின் மாம்லு குகையில், சொட்டு விழுந்த தரையிலிருந்து மேல்நோக்கி வளர்ந்த ஒரு சுண்ணாம்புப் படிவை அடுக்கடுக்காக அளந்து, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பலவீனமானதைக் கண்டார்கள். அதை அடையாளமாக வைத்து, நாம் வாழும் காலப்பகுதிக்கு 2018இல் ‘மேகாலயன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் கருங்கல் பொடவில் அப்படிப்பட்ட ஏடு கிடையாது. தண்ணீர் கசிகிற இடத்தில் சிலிக்கா படிந்து பவழம் போலச் சின்னச் சின்ன முடிச்சுகள் சில சமயம் இருக்கும். கண்ணில் பட்டால் தொடாமல் படம் எடுங்கள்.

நம் பொடவு எழுதி வைக்கிற ஏடு வேறு. அது வெப்பம்.

வேலூரைப் பற்றிச் சொல்லும்போது மரமில்லாத மலை என்று சொல்வார்கள் அல்லவா? அந்த மொட்டைப் பாறையில் சித்திரை மத்தியானம் கை வைக்க முடியாது. ஆனால் அந்தச் சூடு பாறைக்குள் இறங்குகிற வேகம் மிகக் குறைவு. பாறையின் மேற்பரப்பில் பகலுக்கும் இரவுக்கும் 30 டிகிரி வித்தியாசம் இருந்தால், 20 சென்டிமீட்டர் ஆழத்தில் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். 60 சென்டிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை டிகிரி. அதைவிட எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது அது போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரம். மத்தியானம் இரண்டு மணிச் சூடு 60 சென்டிமீட்டர் போக ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம் ஆகிறது. வெளியே ஊர் தூங்கும் நடுராத்திரி தாண்டிய நேரத்தில்தான் பாறையின் உள்ளுக்கு ‘மத்தியானம்’ வருகிறது. கோடை, மழை, பனி என்ற வருடச் சுற்று இன்னும் ஆழமாக இறங்கும். பத்து மீட்டர் தாண்டினால் அதுவும் மங்கிப்போகும். ஆழமான குகைகளின் காற்று வருடம் முழுக்க அந்த ஊரின் சராசரி வெப்பத்திலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான். வேலூருக்கு அந்தச் சராசரி 28 டிகிரியை ஒட்டி வரும்.

உங்கள் பொடவு ஆழமானது அல்ல, திறந்த இடுக்குகள் உள்ளது. அதனால் அது மூச்சு விடும். நான் முதலில் இதை உணர்ந்தது வள்ளிமலைப் பக்கம், ஒரு பங்குனி மத்தியானம். வெயிலுக்கு ஒதுங்கிப் பாறை நிழலில் உட்கார்ந்தேன். கீழே ஒரு இரண்டு விரற்கடை இடுக்கு. அதன் பக்கம் தற்செயலாகக் கை போனபோது மணிக்கட்டில் ஜில்லென்று காற்று பட்டது. மேலே இலை அசையவில்லை. இடுக்குக்கு எதிரே கிடந்த கோழி இறகு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிற குளிர்ந்த காற்று கனமானது. அது கீழ் வாய் வழியாக வெளியே வழிய, அந்த இடத்தை நிரப்ப மேல் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இறங்குகிறது. மார்கழி விடியலில் இது தலைகீழாகும். உள்ளே இருப்பது வெதுவெதுப்பாகி மேலே ஏறி வெளியேறும். இந்தத் திசைமாற்றம் எத்தனை மணிக்கு நடக்கிறது? இதையே ஆராய்ச்சிக் கேள்வியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கக்கூடியது, கூகுளில் விடை கிடைக்காதது.

கருவிக்குக் கவலை வேண்டாம். சிவப்புத் திரவம் உள்ள ஆய்வகத் தெர்மாமீட்டர் ஆறு எடுங்கள். பாதரசம் உள்ளது வேண்டாம், பாறையில் விழுந்து உடைந்தால் பொறுக்க முடியாது. புறப்படும் முன் ஆறையும் ஒரே வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாத செயல்திட்டங்களே அதிகம். குகைக்கும் வெளிக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம் என்று பெருமையாக எழுதுவார்கள், அந்த இரண்டு டிகிரி தெர்மாமீட்டரின் வித்தியாசமாக இருக்கும்.

இரண்டு இரண்டாக மூன்று இடத்தில் வையுங்கள். ஒரு ஜோடி வெளியே மர நிழலில், ஒரு ஜோடி வாயில், மூன்றாவது ஜோடியை மூங்கில் கழியில் கட்டி, வெளியே நின்றபடியே பெரியவர் ஒருவர் பத்தடி உள்ளே நீட்டி வைக்கட்டும். படிக்கும்போது கழியைச் சட்டென்று இழுத்து உடனே பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றின் குமிழில் நனைந்த வெள்ளைத் துணி சுற்றி, இரண்டு நிமிடம் விசிறியால் வீசிப் படியுங்கள். கழி ஜோடிக்கு உள்ளே வீச முடியாது, அதனால் அதன் ஈரக்குமிழ் அளவு சற்றுக் கூடுதலாக நிற்கும். அதைக் குறிப்பில் சொல்லிவிடுங்கள். வெளியே காய்ந்தது 34, நனைந்தது 26 என்றால் ஈரப்பதம் சுமார் 53 சதவீதம். உள்ளே 28க்கும் 27க்கும் அது 92ஐத் தொடும். வௌவால்கள் பகலெல்லாம் அங்கே தொங்குவதற்கு இந்த எண்ணே பாதி விளக்கம். மெல்லிய இறக்கைத் தோல் காய்ந்துபோகாமல் இருக்க அவற்றுக்கு ஈரக்காற்று வேண்டும்.

காற்றின் திசைக்கு ஒரு குச்சி நுனியில் இலவம்பஞ்சு இழை கட்டினால் போதும். ஊதுபத்தி வேண்டாம். பல வருடம் முன்பு நானே மாணவர்களோடு போனபோது ஊதுபத்திப் புகையால் திசை பார்த்தேன். பாறை முகட்டில் மலைத்தேனீ அடை இருந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டு பையன்களைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று. நம் மலைகளில் பாம்பைவிட நான் பயப்படுவது மலைத்தேனீக்குத்தான். முதல் நாள் நீங்களும் ஊர் ஆள் ஒருவரும் மட்டும் போய், பாறையின் தொங்கும் பக்கமெல்லாம் அண்ணாந்து பாருங்கள். அடை இருந்தால் அந்த இடமே வேண்டாம். வாயில் புது எச்சம், ரோமம், கரடிக் கால்தடம் இருந்தாலும் அப்படியே திரும்புங்கள்.

வௌவால் கணக்கு அந்தியில். வாயிலிருந்து 20 மீட்டர் தள்ளி, அவை பறக்கிற பாதைக்குப் பக்கவாட்டில், வானம் பின்னணியாகத் தெரியும்படி உட்காருங்கள். முதல் வௌவால் வந்த நேரம், பிறகு ஐந்து ஐந்து நிமிடத்துக்கு எத்தனை. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, நோட்டு எழுத மட்டும் பயன்படுத்துங்கள். ஆடியில் நமக்குச் சூரியன் மறைவது ஆறு நாற்பதை ஒட்டி, கார்த்திகையில் ஐந்து நாற்பதை ஒட்டி. இந்த ஒரு மணி நேரத்தை இருட்டுக்குள் தொங்குகிற வௌவால் எப்படித் தெரிந்துகொள்கிறது?

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய வேலை நடந்திருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும், வெளிச்சமே எட்டாத ஒரு இயற்கைக் குகைக்குள் வௌவாலைக் கூண்டில் வைத்து அதன் அசைவைப் பதிந்தார்கள். சுற்றிலும் மற்ற வௌவால்கள் தினம் போய்வந்துகொண்டிருந்தவரை கூண்டுக்குள் இருந்ததும் அதே நேரத்துக்கு விழித்தது. வௌவால் இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவியது. கூட்டத்தின் சலசலப்பே அதற்குக் கடிகாரம். விலை உயர்ந்த கருவியால் வந்த பெருமை அல்ல இது, கேள்வி நல்ல கேள்வியாக இருந்ததால் வந்தது. பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். உங்கள் ஊரிலிருந்து பலமநேர், முல்பாகல் தாண்டிப் போனால் கோலார். அந்த மாவட்டத்து அனுமனஹள்ளியில் ஒரே ஒரு கருங்கல் குகையில் மட்டும் ஒரு வகை இலைமூக்கு வௌவால் வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் இருப்பதாக இதுவரை தெரியவில்லை, மொத்தமே இருநூறுக்கும் குறைவு. அதே கருங்கல்லை வெட்டி எடுக்கிற குவாரியால் அதற்கு ஆபத்து வந்தது. நம் பக்கத்துப் பொடவுகளில் என்ன தொங்குகிறது என்று யாரும் முறையாகக் கணக்கெடுக்கும் முன்பே பாறைகள் லாரியில் ஏறிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. உங்கள் பிள்ளைகளின் நோட்டு அதனால்தான் முக்கியம்.

நோய் பற்றி. தூரத்தில் உட்கார்ந்து எண்ணுவதால் பயமில்லை. ஆபத்து எச்சத்தைக் கிளறுவதில் இருக்கிறது. வௌவால், புறா எச்சம் ஊறிய மண்ணில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரக்கூடும், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் காய்ச்சலும் இருமலும் வரும். உரத்துக்காக அதை வாருவதைப் பார்த்தாலும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். விழுந்து கிடக்கிற வௌவாலைக் கையால் தொடக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உள்ளே போகக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் காற்று. கிணறு தூர்வாருகிறவர்கள் விளக்கை இறக்கிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். குகைக்கு அதை நம்பாதீர்கள். கரியமில வாயு நூற்றுக்கு நாலைந்து பங்கு ஏறினாலே மூச்சு இரைக்கும், தலை கனக்கும். அப்போதும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டுதான் இருக்கும்.

நாம் குகைக்குச் செய்கிற கெடுதலும் உண்டு. ஒரு ஆள் சும்மா நின்றாலே சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். முப்பது பிள்ளைகள் உள்ளே நின்றால் மூன்று இஸ்திரிப்பெட்டி எரிகிற மாதிரி. கூடவே வியர்வை ஈரம், வெளிவிடும் மூச்சில் நூற்றுக்கு நாலு பங்கு கரியமில வாயு. பிரான்சில் லாஸ்கோ குகை ஓவியங்களை 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். மூச்சாலும் ஈரத்தாலும் பாசி பிடித்து 1963இல் மூட வேண்டி வந்தது. நம் ஆம்பூர்ப் பக்கத்து அர்மாமலையிலும் இயற்கைக் குகையின் விதானத்தில் எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியம் இருக்கிறது, மிச்சமிருப்பது கொஞ்சமே. உங்கள் பொடவின் கூரையிலும் சிவப்பு, வெள்ளைக் கோடுகள் தெரிகிறதா என்று வெளியே நின்று பாருங்கள். தெரிந்தால் தண்ணீர் தெளித்துப் பளிச்சென்று படம் எடுக்க யாரையும் விடாதீர்கள், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

அந்த மலை காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கால் வைக்க வேண்டாம். தலைமையாசிரியர் கையெழுத்தோடு வனச்சரகர் அலுவலகத்தில் மனு கொடுங்கள், வழித்துணைக்கு ஒரு வனக்காவலரையும் கேளுங்கள். ராத்திரிக் கணக்கு முடியாது என்று சொன்னால் காலை ஆறு முதல் மாலை ஏழு வரை போதும். காற்றுத் திசை மாறுவது பெரும்பாலும் காலையிலேயே பிடிபட்டுவிடும். சித்திரையில் ஒரு நாள், ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் ஒரு நாள், மார்கழியில் ஒரு நாள். மூன்று நாளும் அதே ஆறு தெர்மாமீட்டர், அதே மூன்று இடம். இடத்தைப் பாறையில் பெயின்ட் அடித்துக் குறிக்காதீர்கள், ஒரு படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.