கதவுச் சத்தத்துக்குத் திரும்பும் குழந்தைக்குப் பெராவில் அலை வராதது ஏன்?

கேள்வி: கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். இரண்டு வயது மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. பெரா (BERA: ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்னலைகளைப் பதிவு செய்வது) பரிசோதனையில் இரண்டு காதுகளிலும் 90 டெசிபலில்கூட அலை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் கதவைப் படாரென்று சாத்தினால் திரும்பிப் பார்க்கிறான். பரிசோதனை தவறா?

பதில்: நீங்கள் கண்டதும் உண்மையாக இருக்கலாம், பரிசோதனையும் சரியாக இருக்கலாம். உங்கள் சித்தூர் தாலுகாவிலேயே ஆடியாலஜிஸ்டாக, அதாவது கேட்கும் திறனைச் சோதிப்பவராக, வேலை செய்கிறேன். உங்களைப் போல் கேட்கும் பெற்றோர் குழந்தையைக் கூர்ந்து கவனித்தவர்கள். அவர்கள் சொல்வதை நான் தள்ளிவிடுவதில்லை.

பெராவில் தூங்கும் குழந்தையின் நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, காதுக்குள் 'டிக் டிக்' என்று கிளிக் ஒலியை அனுப்புகிறோம். செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதில் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. மூளையின் மற்ற மின்னலைகளுக்குள் அது மூழ்கிக் கிடக்கும். ஆகவே ஒரே ஒலியை ஆயிரம், இரண்டாயிரம் முறை கொடுத்துச் சராசரி எடுக்கிறோம். ஒலியோடு தொடர்பில்லாதவை அடங்கிப்போக, பதில் மட்டும் தெரியவரும். குழந்தை அழுதால் தசைகளின் மின்சாரம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். தூங்க வைப்பது அதற்காகத்தான்.

1971-இல் ஜூவெட், வில்லிஸ்டன் என்ற ஆய்வாளர்கள் இந்த அலைகளை ரோமன் எண்களால் வரிசைப்படுத்தினார்கள். நாங்கள் தேடுவது ஐந்தாம் அலையை. ஒலியைக் குறைக்கக் குறைக்க அது தாமதமாகி, சிறுத்து, மறைந்துபோகும். மீண்டும் எடுத்தாலும் மாறாமல் தெரிகிற மிகக் குறைந்த ஒலி அளவையே கேட்கும் எல்லையாகக் கொள்கிறோம்.

கிளிக் ஒலி முக்கியமாகச் சோதிப்பது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை. கதவுச் சத்தத்தில் அதற்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகள் அதிகம். தரையின் அதிர்வும் சேர்ந்துகொள்ளும். தாழ்ந்த ஒலிகள் ஓரளவு கேட்கும் குழந்தை கதவுக்குத் திரும்பும், ஆனால் 'ச', 'த' பிடிபடாது, பேச்சும் வராது. ஆகவே 500, 1000 ஹெர்ட்ஸில் டோன் பர்ஸ்ட் பெராவோ (கிளிக்குக்குப் பதில் ஒரே சுருதியுள்ள குறுகிய ஒலியைத் தருவது), ஏ.எஸ்.எஸ்.ஆர். பரிசோதனையோ (ஒவ்வொரு சுருதியிலும் கேட்கும் அளவை மின்னலைகளால் கணிப்பது) செய்யச் சொல்லுங்கள். உட்காதே எழுப்பும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்யும் ஓ.ஏ.இ. பரிசோதனையும் கட்டாயம் வேண்டும். அதில் பதில் இருந்து பெராவில் இல்லையென்றால் ஆடிட்டரி நியூரோபதியாக இருக்கலாம், அதாவது உட்காது ஒலியை வாங்கினாலும் செவி நரம்பு வழியாகச் செய்தி ஒழுங்காகப் போகாத நிலை. அப்போது பெராவை வைத்துக் கேட்கும் அளவைச் சொல்லவே முடியாது.

நம் பகுதியில் எனக்குக் கோபம் மூட்டும் பேச்சு ஒன்று உண்டு: "வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், குழந்தை குழம்பிப்போயிருக்கிறான்." இருமொழிச் சூழலால் எந்தக் குழந்தைக்கும் காது கேட்காமல் போவதில்லை. அதை நம்பி இன்னும் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். பாதிப்பு உறுதியானால் ஆறு மாத வயதுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதே உலகளவில் பின்பற்றப்படும் நெறி.

மறுபரிசோதனைக்கு நாள் குறித்தவுடனே காதுகேள் கருவி பற்றியும் பேசிவிடுங்கள். காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை சிகிச்சையால் உட்காதில் பொருத்தி, செவி நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி) தேவைப்பட்டால் கேரளத்தில் அரசின் சுருதிதரங்கம் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கோயம்புத்தூர் பக்கம்தானே என்று கிளம்புவதற்கு முன், உங்கள் ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்று பாருங்கள். இரண்டு திட்டங்களிலும் இம்ப்ளாண்டுக்கு வயது வரம்பு உண்டு.