கறுப்புத் துணி கட்டியும் பின்னணி சாம்பலாக வருவது ஏன்?

கேள்வி: வீட்டிலேயே கைவினைப் பொருட்களையும் எப்போதாவது ஆட்களையும் படம் எடுக்கிறேன். சுவரில் கறுப்புப் பருத்தித் துணியைக் கட்டி எடுத்தாலும் பின்னணி வெளிறிய சாம்பலாகவே விழுகிறது. துணியின் சுருக்கங்கள்கூடத் தெரிகின்றன. ஸ்டுடியோக்களில் உள்ளது போன்ற விலையுயர்ந்த திரை வாங்கினால்தான் சரியாகுமா?

பதில்: திரைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். உங்கள் துணியில் பெரிய குறை இல்லை. அதன்மேல் வெளிச்சம் விழுவதுதான் பிரச்சினை. சுருக்கம் தெரிகிறது என்று நீங்கள் சொல்வதே இதற்குச் சாட்சி. ஒளி படாத துணியில் எத்தனை மடிப்பு இருந்தாலும் படத்தில் வராது. ஆகவே, பின்னணிக்குப் போகும் ஒளியை எப்படித் தடுப்பது என்று யோசியுங்கள்.

முதல் வழி தூரம். ஒரு சிறிய விளக்கிலிருந்து விலக விலக, ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. விளக்கு பொருளுக்கு 2 மீட்டர் தள்ளி இருக்கிறது, துணி பொருளுக்குப் பின்னால் இன்னும் 2 மீட்டரில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருளின்மேல் படும் ஒளியில் நான்கில் ஒரு பங்கு துணிக்கும் போய்ச் சேரும். சாம்பல் நிறம் வர அது தாராளமாகப் போதும். துணியைத் தொடாமல் விளக்கை மட்டும் பொருளுக்கு அரை மீட்டர் அருகே கொண்டுவாருங்கள். இப்போது துணிக்குக் கிடைப்பது 25இல் ஒரு பங்குதான். அறை சிறியதாக இருந்தால் பொருளைச் சுவரிலிருந்து எவ்வளவு முன்னால் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துவிட்டு, விளக்கை நெருக்கி வையுங்கள்.

அடுத்தது திசை. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து நேராக அடிக்கும் ஒளி பொருளைத் தாண்டிப் போய்த் துணியில்தான் முடியும். அதனால் விளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்றி, விளக்குக்கும் துணிக்கும் நடுவே ஓர் அட்டையை மறைப்பாக நிறுத்துங்கள். பழைய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கமே போதும். பலரும் விட்டுவிடும் வேலை இது. பலனோ உடனே கண்ணுக்குத் தெரியும்.

கேமராவைத் தானியங்கியில் விட்டால் இத்தனை உழைப்பும் வீணாகும். படச்சட்டத்துக்குள் பெரும்பகுதி கறுப்பாக இருந்தால், காட்சியில் ஒளி போதவில்லை என்று கேமரா கணக்கிட்டு, கறுப்பைச் சாம்பலாக்கும் வரை படத்தை வெளுக்கவைக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளி அளவை, ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்), அல்லது அளவுகளை நீங்களே வைக்கும் மேனுவல் முறைக்குப் போய்விடுங்கள். கைப்பேசியில் எடுப்பவர்கள் பொருளின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, ஒளி அளவைக் கீழே இழுக்க வேண்டும். நைட் மோடையும் எச்டிஆரையும் அணைத்துவிடுங்கள். இரண்டும் இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கவே இருப்பவை.

ஃபிளாஷ் வைத்திருந்தால் வேலை இன்னும் எளிது. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/8, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/200 நொடி என்று வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வீட்டுக்குள் பெரும்பாலும் முழுக் கறுப்பாகவே வரும். அப்படி வந்தால் அறை விளக்குகளைப் பற்றிய கவலை தீர்ந்தது. இனி படத்தில் தெரியப்போவது ஃபிளாஷ் தொட்டது மட்டும்தான். அதைக் கேமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் வைக்க மறக்காதீர்கள்.

ஆட்களைப் படம் எடுக்கத் துணியே வேண்டியதில்லை. பகலில் அறையின் விளக்குகளை அணைத்து, ஜன்னல்களை மூடி, வாசற்படிக்குச் சற்று உள்ளே ஆளை வெளிப்பக்கம் பார்த்து நிற்கவையுங்கள். நேரடி வெயில் முகத்தில் படக் கூடாது. வெளியே நின்று, முகத்துக்கு ஏற்ற ஒளி அளவை வைத்து எடுத்தால் பின்னாலுள்ள அறை கறுப்பில் மூழ்கிவிடும். செலவே இல்லாத இந்த முறையைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். ஒரே சிக்கல் கறுத்த முடி: அது பின்னணியோடு கலந்து தலையின் வடிவமே காணாமல் போகும். பின்பக்கவாட்டிலிருந்து ஒரு டார்ச் ஒளியைத் தலைமேல் படவிட்டால் விளிம்பு பிரிந்து நிற்கும். அந்த ஒளி லென்ஸுக்குள் நேராக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படியும் துணி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், மலிவான கறுப்பு வெல்வெட் ஒரு துண்டு வாங்குங்கள். அதன் நுண்ணிழைகள் ஒளியைத் தமக்குள் சிக்கவைத்துவிடும். பளபளப்பான கறுப்புத் தாளோ சாட்டினோ ஒளியைத் திருப்பி அடிக்கும். வெல்வெட்டைக் கையால் தடவிப் பாருங்கள்: ஒரு திசையில் வெளிறியும் எதிர்த்திசையில் அடர்ந்தும் தெரியும். இரண்டு விதமாகவும் தொங்கவிட்டுப் பார்த்து, கேமராவுக்கு அடர்ந்து தெரியும்படி மாட்டுங்கள். தூசும் நூல்பிசிறும் இதில் நன்றாக ஒட்டும் என்பதால், படம் எடுக்கும் முன் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மெல்லிய சாம்பல் மிச்சமிருந்தால், எடிட்டிங் செயலியில் எவ்வளவு இருண்ட பகுதி முழுக் கறுப்பாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் 'பிளாக் பாயின்ட்' அளவைச் சற்று நகர்த்தினால் அது மறைந்துவிடும். நிழல் பக்கத்தில் உங்கள் பொருளின் விளிம்பு கரையத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.